ஈஈஓசி (வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அமெரிக்க மத்திய ஆணையம்) புகாரை மூடிவிட்டது. நான் சாட்சி. இனி என்ன வழி?

இரவு ஷிப்ட்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சியில், டர்ன்பைக் நெடுஞ்சாலையின் 8ஏ எக்ஸிட் பக்கம் வரிசையாக நிற்கும் கிடங்குகளில் ஒன்றில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். எனக்குக் கீழே பதினாறு பேர். மனைவி வேறொரு கம்பெனியில் ஹெச்1பி, எனக்கு அவள் வழியாக ஹெச்4 வேலை அனுமதி. பிரச்சினை என்னுடையது இல்லை, ஆனால் ராத்திரி தூக்கம் என்னுடையதுதான் போகிறது.

எங்கள் ஷிப்டில் ஒரு பெரியவர் இருந்தார். கறுப்பினத்தவர், வயது 54. பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். டெம்ப் (தற்காலிக ஆள் அனுப்பும்) ஏஜென்சி வழியாக நான்கு வருஷம் இங்கே வேலை செய்தார். எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். "கண்ணாடியை நம்பாதே, கழுத்தைத் திருப்பு" என்று தோளில் தட்டுவார்.

போன ஆகஸ்டில் டெம்ப் ஆட்களை நிரந்தரம் ஆக்கப்போவதாகக் கம்பெனி சொன்னது. கூடவே ஒரு புது விதி: எந்த வருஷமாக இருந்தாலும், எந்தக் குற்றமாக இருந்தாலும், தண்டனை என்று பதிவில் ஒன்று இருந்தால் நிரந்தரமும் இல்லை, டெம்ப்பும் இல்லை. பெரியவருக்கு 1991இல் நியூவார்க்கில் ஒரு போதைப்பொருள் வழக்கு. அப்போது வயது 19. உள்ளே இருந்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் ஒரு டிராஃபிக் டிக்கெட் தவிர எதுவும் கிடையாது.

அன்று ராத்திரி வாசலில் அவர் பேட்ஜைக் காட்டினார், சிவப்பு விளக்கு. அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். மூன்றாவது முறையும் துடைத்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஒன்பது பேரை அனுப்பினார்கள், அதில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். (பகல் ஷிப்டில் வெள்ளைக்காரர் ஒருவர் பெயரும் பட்டியலில் இருந்தது, 2016இல் அடிதடி வழக்கு. அவருடைய மேனேஜர் ஹெச்ஆரிடம் பேசி அவரை வைத்துக்கொண்டார். அது வேறு கதை.)

அக்டோபரில் பெரியவர் தானே இணையத்தில், இது இனப் பாகுபாடு என்று ஈஈஓசிக்குப் புகார் கொடுத்தார். பிப்ரவரி 19ஆம் தேதி பதில் வந்தது. புகாரை மூடுகிறோம், வேண்டுமானால் 90 நாளுக்குள் நீங்களே வழக்குப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். "பாகுபாட்டை எதிர்க்கும் சட்டத்தையே டிரம்ப் எடுத்துவிட்டார், இனி ஒன்றும் நடக்காது" என்று கேன்டீனில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? வேறு வழி இருக்கிறதா? நான் பார்த்ததைச் சொன்னால் என் வேலை, மனைவியின் கிரீன் கார்டு எல்லாம் என்ன ஆகும்?


பழைய ஹெச்1பி:

தம்பி, 22 வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். சொல்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். காலம் சரியில்லை. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பாருங்கள். பெரியவர் நல்லவராகவே இருக்கட்டும், அதற்காக நீங்கள் ஏன் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும்?

இன்னொன்று. தண்டனை பெற்றவரை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று சொல்வது எப்படி இனப் பாகுபாடு ஆகும்? விதி எல்லாருக்கும் ஒன்றுதானே. நம் வீட்டுக்கு ஆள் வைத்தாலும் விசாரித்துத்தானே வைக்கிறோம்?


சட்ட உதவி மேசை:

தம்பி, முதலில் தேதி. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தக் கடிதத்துக்கு ரைட் டு சூ, அதாவது வழக்குப் போடும் உரிமை, என்று பெயர். கையில் கிடைத்த நாளிலிருந்து 90 நாள். போர்ட்டலில் வந்த கடிதம் என்றால், நீங்கள் திறந்து பார்த்த நாள் எது என்பதைச் சில நீதிபதிகள் கேட்பதில்லை, மின்னஞ்சல் வந்த நாளையே எடுத்துக்கொள்கிறார்கள். பிப்ரவரி 19 என்றால் மே 20. ஆனால் காலண்டரில் மே 1 என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை. நியூஜெர்சியில் ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் 11 வருஷமாகப் பாராலீகல், அதாவது வழக்கறிஞர்களுக்கு உதவியாளர். 92ஆம் நாள் என் மேசை முன்னால் வந்து உட்கார்ந்த ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் வழக்கில் குறை ஒன்றும் இல்லை, நாள்தான் தப்பியது.

இப்போது கேன்டீன் பேச்சு. சட்டத்தை யாரும் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. 2025 ஏப்ரல் 23ஆம் தேதி அதிபர் போட்டது நிர்வாக ஆணை. டிஸ்பரேட் இம்பாக்ட் வழக்குகளை, அதாவது விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்து அடி மட்டும் ஒரு பக்கமாக விழும் வழக்குகளை, கைவிடுங்கள் என்று தன் அதிகாரிகளுக்குச் சொன்னது அது. ஈஈஓசியும் அந்த வகைப் புகார்களை 2025 செப்டம்பர் முடிவதற்குள் மூட ஆரம்பித்தது. பெரியவரின் கடிதம் அந்த வழியில்தான் வந்திருக்கும். ஆனால் வேலை விஷயத்தில் இந்த உரிமை 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் டைட்டில் 7இல் இருக்கிறது. 1991இல் நாடாளுமன்றமே அதை எழுத்தில் போட்டுவிட்டது. அரசாங்கம் கூட வராவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் தானே கோர்ட்டுக்குப் போகலாம்.

பழைய ஹெச்1பி சார் கேட்ட கேள்வியையே 55 வருஷத்துக்கு முன்னால் உச்ச நீதிமன்றம் கேட்டது. வட கரோலினாவில் டியூக் பவர் கம்பெனியின் மின் நிலையம். கறுப்பின ஊழியர்களுக்கு லேபர் பிரிவு மட்டும்தான், அங்கே அதிகபட்சச் சம்பளம் மற்ற பிரிவுகளின் குறைந்தபட்சத்தைவிடக் குறைவு. 1965 ஜூலை 2 அன்று டைட்டில் 7 அமலுக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி புது விதி போட்டது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் சார்! ஆனால் அந்தத் தேர்வுக்கும் நிலக்கரி அள்ளும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1971இல் கிரிக்ஸ் வழக்கில் 8க்கு 0 என்று தீர்ப்பு வந்தது. வேலைக்குத் தேவை என்று நிரூபிக்க முடியாத விதி, ஓர் இனத்தாரை வெளியே தள்ளினால் அது சட்டப்படி நிற்காது. நடத்தியது கறுப்பினத்தவர் உரிமைக்காக வாதாடும் என்ஏஏசிபி சட்ட நிதியம். அவர்கள் முதலில் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றுவிட்டுத்தான் மேலே போனார்கள்.

தண்டனைப் பதிவும் அப்படித்தான். பெரியவருக்கு நியூவார்க்கில் 1991 வழக்கு என்றதும் என் மனசு நேராக 1987 சட்டத்துக்குப் போனது. பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடிக்குள் போதைப்பொருள் விற்றால், விற்க வைத்திருந்தால், கூடுதல் தண்டனை. நியூவார்க் மாதிரி நெருக்கமான ஊரில் வட்டம் போட்டுப் பார்த்தால் பள்ளிக்கு வெளியே இடமே மிஞ்சாது. புறநகரில் அதே குற்றத்துக்கு அந்த வட்டமே வராது. இந்தச் சட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் 96 சதவீதம் கறுப்பினத்தவர் அல்லது ஹிஸ்பானியர் என்று மாநிலத்தின் தண்டனை மறுஆய்வுக் குழுவே பின்னால் கணக்குச் சொன்னது. 2010இல்தான் நீதிபதிகளுக்குக் கொஞ்சம் கை தளர்த்தினார்கள். அப்படி உண்டான ஒரு பதிவை 35 வருஷம் கழித்து ஒரு கிடங்கு எடுத்து வாசலில் சிவப்பு விளக்கு போடுகிறது. விசாரிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை சார். என்ன குற்றம், எத்தனை வருஷம் ஆயிற்று, செய்யும் வேலை என்ன, இந்த மூன்றையும் பார்க்காமல் ஒரே போடாகப் போடக்கூடாது என்பதுதான் 1975இல் மிசௌரி பசிபிக் ரயில்வே வழக்கிலிருந்து வரும் வழி.

ஆனால் தம்பி, ஒன்றை மறைக்கக் கூடாது. டிஸ்பரேட் இம்பாக்ட் லேசான வழக்கு இல்லை. நம் பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2007இல் எல் என்பவர் ஃபிலடெல்ஃபியாவின் செப்டா போக்குவரத்து அமைப்பை எதிர்த்தார். சுமார் நாற்பது வருஷத்துக்கு முந்தைய தண்டனைக்காக வண்டி ஓட்டும் வேலை போனது. கம்பெனி நிபுணர்களைக் கொண்டுவந்தது, இவர் பக்கம் நிபுணர் இல்லை, தோற்றார். நிபுணருக்குக் காசு வேண்டும். முன்பு இதற்கெல்லாம் பெரிய சட்ட நிறுவனங்கள் இலவசமாகக் கை கொடுக்கும். 2025 வசந்தத்தில் அதிபர் சில நிறுவனங்களின் மேலேயே ஆணை போட்டார். ஒன்பது நிறுவனங்கள் சமரசம் பேசிக்கொண்டன, நான்கு கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தன. ஜெயித்தாலும் தோற்றாலும், நாங்கள் போன் செய்தால் இப்போது "யோசித்துச் சொல்கிறோம்" என்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

அதனால்தான் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த வெள்ளைக்காரர் கதை முக்கியம். அது வேறு கதை இல்லை தம்பி, அதுதான் கதை! ஒரே விதி, இவருக்கு 1991, அவருக்கு 2016. அவரை வைத்துக்கொண்டு இவரை அனுப்பினார்கள் என்றால் அது நேரடிப் பாகுபாடு. ஆணை தொட்டது மறைமுக வகையைத்தான், இதை இல்லை. இதற்கு 1866ஆம் வருஷச் சட்டமும் இருக்கிறது, எங்கள் பேச்சில் செக்‌ஷன் 1981. ஈஈஓசி பக்கமே போக வேண்டாம், நான்கு வருஷம் அவகாசம், இழப்பீட்டுக்கு டைட்டில் 7 மாதிரி 3 லட்சம் டாலர் உச்சவரம்பும் இல்லை. ஆனால் இனம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று நிரூபிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2020 காம்காஸ்ட் தீர்ப்பு அதை இறுக்கிவிட்டது. அதற்குத்தான் சாட்சி வேண்டும்.

மாநிலச் சட்டமும் இருக்கிறது. நியூஜெர்சியின் பாகுபாடு தடுப்புச் சட்டம் 1945லிருந்து இருக்கிறது, மத்திய சட்டத்துக்கே 19 வருஷம் மூத்தது. மாநிலக் குடிமை உரிமைப் பிரிவில் புகார் என்றால் 180 நாள், அது ஆகஸ்டிலிருந்து பார்த்தால் தாண்டிவிட்டது. ஈஈஓசிக்குக் கொடுத்தபோதே மாநிலத்துக்கும் பதிவாகியிருக்கலாம், பாருங்கள். இல்லாவிட்டாலும் கவலை இல்லை, நேராக மாநில நீதிமன்றத்துக்குப் போக இரண்டு வருஷம் உண்டு. வாஷிங்டன் கைவிட்ட அதே டிஸ்பரேட் இம்பாக்டுக்கு 2025 டிசம்பரில் நம் மாநிலம் தனியாக விதிகளே எழுதி வைத்தது.

கடைசியாக எனக்குப் பிடித்த வழி. இனம் என்ற சொல்லே இல்லாத சட்டம்: கடன் அறிக்கைச் சட்டம். பேக்ரவுண்ட் செக் அறிக்கையை வைத்து ஒருவரை நிறுத்துவதாக இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே அந்த அறிக்கையின் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். 2018இல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம், மறுபடி செப்டா வழக்குதான், நகல் தராததற்காக வழக்குப் போடலாம் என்று சொன்னது. வேண்டுமென்றே மீறியிருந்தால் ஆளுக்கு 100லிருந்து 1,000 டாலர். சின்னத் தொகைதான். ஆனால் ஒன்பது பேருக்கும் அதே மாதிரி நடந்திருந்தால் வழக்கறிஞர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் ஜெயித்தால் அவர் கட்டணத்தைக் கம்பெனி கட்ட வேண்டும். பெரியவருக்கு நகல் எப்போது வந்தது என்று கேளுங்கள்.

உங்களைப் பற்றி. ஹெச்4 வேலை அனுமதி மனைவியின் விசா நிலையில் தொங்குவது, கிடங்கு முதலாளி கையில் இல்லை. மனைவியின் கிரீன் கார்டு வேறு கம்பெனி போட்டது. சாட்சி சொன்னதற்காகத் தண்டித்தால் அதுவே தனி வழக்கு. 2008இல் ஹம்ப்ரீஸ் என்ற உதவி மேனேஜர், கூட வேலை செய்தவரை இனத்துக்காக நீக்கினார்கள் என்று புகார் சொன்னதற்காகத் தன்னை வெளியேற்றினார்கள் என்று வழக்குப் போட்டார். செக்‌ஷன் 1981 அவரையும் காக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1969இல் சல்லிவன் என்ற வெள்ளைக்காரர், கறுப்பினக் குடும்பத்துக்கு வீடு வாடகைக்கு விட்டதற்காகக் குடியிருப்புச் சங்கம் அவரை நீக்கியது. அவரும் ஜெயித்தார். பாதிக்கப்பட்டவரின் இனமாகத்தான் நீங்கள் இருக்க வேண்டும் என்று இல்லை. அதற்காக, பழிவாங்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. செய்தால் கேட்க இடம் இருக்கிறது என்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்து பட்டியலைப் படம் எடுக்காதீர்கள். கர்டிஸ்-ரைட் வழக்கில் ஓர் அம்மா 1,800 பக்கம் நகல் எடுத்தார், அது சரியா தப்பா என்று 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நீங்கள் பார்த்ததை, கேட்டதை, தேதி போட்டு வீட்டில் உங்கள் நோட்டில் எழுதுங்கள். போதும்.


பால்டிமோர் மாணவி:

அக்கா சொன்னதோடு ஒன்று. மாநில நீதிமன்றம் என்றதும் இரண்டாம்பட்சம் என்று நினைக்க வேண்டாம். நான் படிக்கும் ஊரில், 1935இல், டொனால்ட் முர்ரே என்ற கறுப்பின மாணவரை மேரிலாந்து சட்டக் கல்லூரி சேர்க்க மறுத்தது. அவருடைய வழக்கறிஞர்கள் சார்லஸ் ஹூஸ்டனும் இளைஞரான தர்குட் மார்ஷலும் வாஷிங்டனுக்குப் போகவில்லை, பால்டிமோர் நகர நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த இலையுதிர் காலமே முர்ரே வகுப்பில் உட்கார்ந்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற பிரௌன் தீர்ப்பு வர இன்னும் 19 வருஷம் இருந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி மாற்று வழி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வேலை, வீடு இரண்டிலும் தனிநபர் வழக்குப் போடலாம். அரசுப் பணம் வாங்கும் அமைப்புகளுக்கான டைட்டில் 6 வேறு. அங்கே மறைமுகப் பாகுபாட்டுக்குத் தனிநபர் போக முடியாது என்று 2001இலேயே சாண்டோவல் தீர்ப்பு அடைத்துவிட்டது, அரசாங்கம்தான் கேட்க வேண்டும். அலபாமாவில் லௌண்ட்ஸ் கவுண்டியில் வீட்டுக் கழிவுநீர் கொல்லையிலேயே தேங்குகிறது. 2023இல் மத்திய அரசின் நீதித்துறை அதைச் சரிசெய்ய அங்கே ஓர் ஒப்பந்தம் போட்டது, 2025 ஏப்ரலில் அதே துறை அதை ரத்து செய்தது. டிசம்பரில் டைட்டில் 6இன் மறைமுகப் பாகுபாட்டு விதிகளையும் எடுத்துவிட்டார்கள். அங்கே இருக்கும் குடும்பத்துக்கு 90 நாள் கடிதம்கூடக் கிடையாது.


பழைய ஹெச்1பி:

1987 சட்டம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் தம்பி, வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கம்பெனி நினைத்தால் சட்டம் பேசாமலே ஷிப்டை மாற்றிச் சலிப்பு ஏற்படுத்தும். அதை நான் பட்டிருக்கிறேன். அப்போது எனக்காக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும் உண்மைதான்.


இரவு ஷிப்ட்காரன்:

அக்கா, சனிக்கிழமை பெரியவர் வீட்டுக்குப் போனோம், மனைவியும் கூட வந்தாள். இந்தத் திரி முழுவதையும் அவள் படித்துவிட்டாள். "பின்னால் நின்று பார்த்தது நீதானே, வேறு யார் சொல்வார்கள்" என்று ஒரே வரியில் முடித்தாள்.

பெரியவர் ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுவந்தார். நான்கு வருஷச் சம்பளச் சீட்டும் ஏஜென்சி வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. அந்த பேட்ஜும் இருக்கிறது, திருப்பிக் கேட்கவே இல்லையாம். பேக்ரவுண்ட் அறிக்கை தபாலில் வந்திருந்தது. கவரையும் வைத்திருந்தார். அதில் தபால் முத்திரை தேதி, அவரை அனுப்பியதற்கு ஆறு நாள் பின்னால்!

மே 1 என்று அவர் ஃப்ரிட்ஜ் மேல் மனைவி எழுதி ஒட்டினாள். நீங்கள் தனிச்செய்தியில் சொன்ன வழக்கறிஞரிடம் செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம். மற்ற ஏழு பேரில் இருவர் நம்பர் பெரியவரிடம் இருக்கிறது.

ஒரு கேள்விதான் அவர் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. "நான் வழக்குப் போட்டால் பகல் ஷிப்ட் ஆளுக்கு வேலை போய்விடுமா? அவருக்கு இரண்டு குழந்தைகள்" என்கிறார்.


சட்ட உதவி மேசை:

கேட்பார் என்று தோன்றியது. இந்த மேசையில் அடிக்கடி வரும் கேள்வி அது. அவரை நீக்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை. அவருக்குக் காட்டிய கருணையை எனக்கும் காட்டு என்பதுதான் வழக்கு. அந்த ஆளைக் கம்பெனி இப்போது அவசரமாக அனுப்பினால் அது அவர்களுக்கே கெட்டது, வழக்கறிஞரிடமும் இந்தக் கவலையைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏழு பேர் என்கிறீர்கள், பெரியவரோடு சேர்த்து ஒன்பது என்றால் எட்டு வர வேண்டும். விட்டுப்போனது, அந்த ஒன்பதில் கறுப்பினத்தவர் அல்லாத ஒருவரா? அவரையும் விடாதீர்கள், நகல் சட்டத்துக்கு இனம் கணக்கில்லை. செவ்வாய்க்கிழமை கவரின் ஜெராக்ஸ் வேண்டாம், அசல் கவரே வேண்டும். முத்திரை மங்கலாக இருந்தால் வெளிச்சத்தில் வைத்து இன்றைக்கே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.